12 அடி ஜன்னலுக்கு 4 அடி ஸ்க்ரீன்: ரெடிமேட் ஐலெட் திரை தேறுமா?

கடையில் மடித்து அடுக்கியிருக்கும் ரெடிமேட் ஸ்க்ரீன்களில் பெரும்பாலானவை 4 அடி அகலம்தான். மாறுவதெல்லாம் உயரம்: ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, நெடுங்கதவுக்கு 9 அடி. புது அடுக்குமாடி வீடுகளிலோ ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே 10 அடி, 12 அடி என்று யூபிவிசி ஸ்லைடிங் கதவு வைத்துவிடுகிறார்கள். இரண்டு பீஸ் கொண்ட ஒரு செட்டை வாங்கி மாட்டினால், விரித்த வேட்டி மாதிரி மடிப்பே இல்லாமல் தட்டையாக நிற்கிறது. இந்த இடத்துக்கு ரெடிமேட் தேறுமா, தைக்கக் கொடுப்பதுதான் வழியா?

தேறும். பீஸ் எண்ணிக்கையைச் சரியாகப் போட்டு, இணைப்பை யோசித்துச் செய்தால், 14 அடி கம்பிவரை நன்றாகவே இருக்கும். ஆனால் வாங்குபவர்கள் துணியைப் பார்க்கிற அளவுக்குக் கம்பியைப் பார்ப்பதில்லை. அகல ஜன்னலில் வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் பொருளை அளந்து பார்ப்போம். அட்டையில் 4 அடி என்று இருந்தாலும், இரு ஓரமும் மடித்துத் தைத்தபின் கைக்கு வருவது சுமார் 46 அங்குலம். அதில் 8 ஐலெட் வளையங்கள், அதாவது கம்பி நுழையும்படி துணியின் தலையில் பதித்த வளையங்கள். ஒரு வளையத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 6 அங்குலம். கடைசி வளையத்தின் மையத்திலிருந்து துணி ஓரம் 2 அங்குலம். வளையத்தின் உள்வாய் ஒன்றரை அங்குலத்தை ஒட்டி, வெளிவட்டம் இரண்டரை அங்குலம். மேல்தலையில் 4 அங்குலப் பட்டையாக மடித்து, உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்திருப்பார்கள். இந்த அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஒரு பீஸைப் பிரித்து டேப் வைத்துப் பார்த்தபிறகு மீதியை வாங்குங்கள்.

எத்தனை பீஸ் வேண்டும் என்பதற்கு ஜன்னலை அளக்கக் கூடாது. கம்பியை அளக்க வேண்டும். 12 அடித் திறப்புக்கு இரு பக்கமும் அரை அடி சேர்த்து 13 அடிக் கம்பி, அதாவது 156 அங்குலம். ஐலெட் திரைக்குக் கம்பி நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். 6 பீஸ் போட்டால் 276 அங்குலம். ஒன்றே முக்கால் மடங்கு. அலை அழகாக விழும். 4 பீஸ் போட்டால் 184 அங்குலம், 1.2 மடங்கைக்கூடத் தொடாது. "4 பீஸே போதும் சார்" என்று விற்பவர் சொல்வது மறைப்பதற்குப் போதும், திரையாகத் தெரிவதற்குப் போதாது. 8 அடிக் கம்பிக்கு 4 பீஸ் சரியான கணக்கு. 10 அடிதான் சங்கடமான அளவு: 4 போட்டால் ஒன்றரை மடங்கு, 6 போட்டால் 2.3 மடங்கு. மெல்லிய துணியென்றால் 6 எடுக்கலாம். வெளிச்சத்தை மறைக்கும் கனத்த பிளாக்அவுட் துணி என்றால் 4 போதும். 6 போட்டால் ஒதுக்கும்போது மூட்டையாகி ஜன்னலையே மறைக்கும்.

ஒதுக்கியபின் ஒரு பீஸ் சுமார் 7 அங்குலம் இடம் பிடிக்கும். பக்கத்துக்கு மூன்று பீஸ் என்றால் 21 அங்குலம். பக்கச் சுவரில் இடமிருந்தால் கம்பியை அரை அடிக்குப் பதில் ஒரு அடி நீட்டிவிடுங்கள். பகலில் கண்ணாடி பக்கத்துக்கு அரை அடி கூடுதலாகத் திறந்து கிடைக்கும்.

உயரத்தில் ஒரு பொறி இருக்கிறது. 7 அடிக் கதவுக்கு 7 அடி ஸ்க்ரீன் என்று எல்லோரும் எடுக்கிறார்கள். கதவு உயரம் 84 அங்குலம். கம்பி அதற்கு மேலே 4 அங்குலம் தள்ளி 88-இல். கம்பிக்கு மேலே திரையின் தலை சுமார் 2 அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த 90-இலிருந்து 84 அங்குலம் தொங்கினால், அடி விளிம்பு தரையிலிருந்து அரை அடி மேலே. வளர்ந்த பையனின் பழைய பேன்ட்தான். 9 அடி பீஸை வாங்கிக் குறைப்பதே வழி. தரையைவிட்டு அரை அங்குலம் தூக்கி நிற்க, தைத்து முடித்த நீளம் 89.5 அங்குலம்; அடி மடிப்புக்கு 4 அங்குலமும் உள்மடிப்புக்கு 1 அங்குலமும் சேர்த்து, மேல் விளிம்பிலிருந்து 94.5-இல் வெட்ட வேண்டும். ஆனால் இணைப்பு வேலை முடிந்து, திரையைக் கம்பியில் இரண்டு நாள் தொங்கவிட்டபிறகே அடியை வெட்டுங்கள். தன் கனத்தில் துணி இறங்கும். எல்லாப் பீஸும் ஒரே அளவில் இறங்குவதில்லை.

இணைப்பது எப்படி

பீஸ்களை இணைக்காமல் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் என்ன? வலைத்துணி போன்ற மெல்லிய ஸ்க்ரீனுக்கு ஒன்றும் ஆகாது, பிளவு தெரியாது. கனத்த துணியில், மின்விசிறி சுற்றும் ஹாலில், ஒவ்வொரு சந்தும் வாய் பிளக்கும். சாயங்கால வெயில் அந்தக் கீற்றின் வழியாக நேராக டிவி மேல் விழும்.

தையலே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி, வளையத்தின் மேல் வளையம் ஏற்றிக் கோப்பது. இதில் பலரும் ஒரு வளையத்தை மட்டும் ஏற்றப் பார்க்கிறார்கள், வராது. ஐலெட் திரை கம்பிக்கு முன்னே ஒரு மடிப்பு, பின்னே ஒரு மடிப்பு என்று போகிறது. முதல் பீஸின் 8-ஆம் வளையத்தில் துணி முன்னிருந்து பின்னே போகிறது; இரண்டாம் பீஸின் 1-ஆம் வளையத்தில் பின்னிருந்து முன்னே வருகிறது. எதிரெதிர்த் திசை என்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாது, முறுக்கிக்கொள்ளும். முதல் பீஸின் 7, 8-ஆம் வளையங்களின் மேல் இரண்டாம் பீஸின் 1, 2-ஆம் வளையங்களை ஏற்றினால் திசை பொருந்தும். விலை என்னவென்றால், ஒவ்வொரு இணைப்புக்கும் 10 அங்குலத் துணி போகிறது. 6 பீஸை மூன்று மூன்றாகக் கோத்தால் நான்கு இணைப்பு, 40 அங்குலம் நஷ்டம். ஒன்றே முக்கால் மடங்கு ஒன்றரையாகக் குறையும். வாடகை வீட்டுக்கு இது போதும். துவைக்கும்போது தனித்தனியாகக் கழற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய லாபம்.

தைப்பதென்றால், ஒரே ஒரு விதியை மறக்காமல் இருந்தால் போதும்: ஒவ்வொரு பீஸிலும் வளையங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 8 வளையம் இருந்தால் இரு ஓரமும் சுவரைப் பார்த்துப் பின்னே திரும்பும். அப்படி இரண்டு பீஸைச் சேர்த்தால் இணைப்புத் தையல் தானாகவே பின் மடிப்பின் உள்ளே விழுந்து மறைகிறது. ஒற்றைப்படை வந்துவிட்டால் ஒரு ஓரம் அறைப் பக்கம் துருத்தும். 7 பீஸ்தான் கணக்கு வருகிறது, பக்கத்துக்கு மூன்றரை என்றால், ஒரு பீஸை 4-ஆம் 5-ஆம் வளையங்களுக்கு நடுவே வெட்டுங்கள். 4, 4 என்று பிரியும். 3, 5 என்று பிரித்துவிட்டால் இரு பக்கமும் கெடும்.

ஓரத்தையலைப் பிரித்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும் என்று பல டெய்லர்கள் தொடங்குவார்கள். நிறுத்துங்கள். முதல் வளையத்தின் மையம் ஓரத்திலிருந்து 2 அங்குலம், வளையத்தின் வெளிவட்ட ஆரம் ஒன்றேகால் அங்குலம். அப்படியானால் வளையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே இருப்பது முக்கால் அங்குலம்தான். ஓர மடிப்பு 1 அங்குலம் என்றால் அதன் கால் அங்குலத்தை வளையம் கவ்விக்கொண்டிருக்கிறது. கீழே எல்லாம் பிரித்து, மேலே பிரிக்க முடியாமல் போனால், தலைப்பக்கம் சுருங்கி இழுக்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தச் சுருக்கம் போகாது.

வளையம் எந்த வகை என்று பாருங்கள். பிளாஸ்டிக்கில் இரண்டு பாதியாகச் செய்து 'டிக்' என்று பூட்டும் வளையமென்றால், மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றலாம். ஓரத்து வளையத்தைக் கழற்றி, மடிப்பை முழுதும் பிரித்து, பழைய ஓரக் கோட்டிலிருந்து 1 அங்குலம் வெளியே தள்ளித் தைத்தால், இணைப்பின் இரு பக்க வளையங்களுக்கும் நடுவே 2, 1, 1, 2 என்று மிகச் சரியாக 6 அங்குலம் வந்துவிடும். அலை எங்கும் ஒரே சீராக இருக்கும். பழைய மடிப்புக் கோடு பாலியஸ்டரில் லேசாகத் தெரியும். பின் மடிப்பில் இருப்பதால் கவலையில்லை. வளையத்தைத் திரும்பப் பூட்டும்போது பல் உடையலாம், அதனால் உதிரி வளையம் பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத்தில் அழுத்திய வளையமென்றால் ஓரத்தைப் பிரிக்காதீர்கள். இரண்டு பீஸின் நல்ல பக்கத்தை உள்நோக்கி வைத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே நேராகத் தையுங்கள். அங்கே வளைய இடைவெளி மூன்றரை அங்குலமாகக் குறுகும். அந்த ஒரு மடிப்பு மட்டும் ஒல்லியாக இருக்கும். அதுவும் பின் மடிப்பு என்பதால் முன்னால் நிற்பவர் கண்ணுக்குப் படாது. கேன்வாஸ் உள்ள மேல் 4 அங்குலத்தை மிஷினில் ஓட்டாமல் கையால் தைப்பது நல்லது. அந்தத் தடிமனில் ஊசி உடையும், அல்லது வளையத்தில் இடிக்கும்.

ஊசி 16-ஆம் நம்பர், நூல் பாலியஸ்டர், தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பொடித்தையல் போட்டால் நீளமான இணைப்பு முழுக்கச் சுருக்கம் பிடிக்கும். எல்லா இணைப்பையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஓட்டுங்கள். ஒன்றை மேலிருந்தும் இன்னொன்றைக் கீழிருந்தும் தைத்தால் ஒரு பீஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்பதுதான் முக்கியம். தலையில் பொருத்தித் தொடங்குங்கள். வித்தியாசம் வந்தால் அடியில் வரட்டும், அதை எப்படியும் வெட்டப்போகிறோம்.

எந்தத் துணி, எது வேண்டாம்

ஒரே நிறத்தில், நெசவிலேயே வரி ஓடும் பாலியஸ்டர் துணிதான் இந்த வேலைக்கு முதல் தேர்வு. பெரிய பூ, கட்டம், குறுக்குக் கோடு வேண்டவே வேண்டாம். ரெடிமேட் பீஸ்களை வெட்டும்போது பூ எந்த உயரத்தில் விழுகிறது என்று யாரும் பார்த்து வெட்டுவதில்லை. முதல் பீஸில் பூ வளையத்துக்குக் கீழே 3 அங்குலத்தில், அடுத்ததில் 8 அங்குலத்தில் என்று வரும். இரண்டு பீஸ் ஜன்னலில் இது கண்ணில் படாது, ஆறு வரிசையாக நிற்கும்போது மறைக்க முடியாது.

நிறமும் அப்படித்தான். ஆறு பீஸையும் ஒரே நேரத்தில், ஒரே லாட்டில் வாங்குங்கள். "இப்போ நாலு எடுங்க, ரெண்டு அடுத்த வாரம் வரும்" என்றால் அந்த இரண்டுக்காகக் காத்திருந்து ஆறையும் அப்போதே எடுப்பது நல்லது. சாயத்தில் வரும் சிறு வேறுபாடு கடை விளக்கில் தெரியாது. பால்கனி வெளிச்சம் பின்னால் இருந்து வரும்போது பட்டை பட்டையாகத் தெரியும்.

பிளாக்அவுட் என்ற பெயரில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று, நெசவுக்கு நடுவே கறுப்பு நூல் ஓடும் மூன்றடுக்குத் துணி. இதை வெட்டலாம், பிரிக்கலாம், மறுபடி தைக்கலாம். இன்னொன்று, பின்பக்கம் ரப்பர் போலப் பூச்சு கொடுத்தது. இதில் குண்டூசி குத்தினாலே ஓட்டை நிரந்தரம். தையலைப் பிரித்தால் ஓட்டை வரிசை நட்சத்திரம் மாதிரி ஒளிரும். குண்டூசிக்குப் பதில் துணி கிளிப் போடுங்கள், தையலை ஒரே முறையில் முடியுங்கள், பூச்சுப் பக்கம் இஸ்திரி வைக்காதீர்கள். அகல ஜன்னலுக்கு இணைப்பு அதிகம் என்பதால் பூச்சு வகையைத் தவிர்ப்பதே எங்கள் பரிந்துரை.

கரூர்ப் பக்கத்துப் பருத்தித் திரைகள் பார்க்க அருமை, தைக்க அதைவிட அருமை. ஆனால் பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று, நான்கு சுருங்கும். 9 அடியில் அது 4 அங்குலம்வரை போகும். இணைப்பதற்கு முன்பே எல்லாப் பீஸையும் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள்.

கம்பி

250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) துணியில் 9 அடி பீஸ் ஒன்றைக் குறைத்துத் தைத்தபின், வளையத்தோடு சேர்த்து 800 கிராமை ஒட்டி வரும். ஆறு பீஸ் சேர்ந்து 5 கிலோவுக்கு அருகில். பெரிய கனமில்லை, ஆனால் 13 அடிக்குப் பரவிய கனம். ஒரு அங்குல விட்டமும் 1 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உள்ள இரும்புக் குழாயை நடுவில் தாங்கல் இல்லாமல் போட்டால், கணக்குப்படி நடுவே 2 அங்குலம் தொய்யும். நடுவில் ஒரு பிராக்கெட் கொடுத்துவிட்டால் 3, 4 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. தாங்கல்களின் இடைவெளி இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்காகும் என்பதே காரணம். முக்கால் அங்குல மெல்லிய குழாய் நடு பிராக்கெட் இருந்தும் அரை அங்குலம் தொய்யும். திரையோடு சேர்த்து 'செட்'டாக வரும் மலிவு கம்பி பெரும்பாலும் அந்த ரகம்தான். இழுத்து நீட்டும் கம்பி எடுத்தால், தடித்த குழாயும் மெல்லிய குழாயும் சேரும் இடத்துக்கு அடியில் பிராக்கெட் வரும்படி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம்தான் முதலில் வளையும்.

நடு பிராக்கெட் வந்ததும் அடுத்த சிக்கல் கூடவே வருகிறது. ஐலெட் வளையம் முழு வட்டம். பிராக்கெட்டைத் தாண்டிப் போகாது. ஆகவே 13 அடிக்கு ஒரே திரையாக இணைக்க முடியாது. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று இரண்டு பாதியாகத்தான் இணைக்க வேண்டும். இரண்டு நடு பிராக்கெட் போட்டால் இன்னும் மோசம்: நடுவில் மாட்டிய பீஸ்கள் எந்தப் பக்கமும் ஒதுங்க இடமின்றி ஜன்னலின் நடுவிலேயே நிற்கும். தடித்த குழாய், ஒரே ஒரு நடு பிராக்கெட், அதுதான் சரி. கோக்கும்போது ஒவ்வொரு பாதியின் வெளி நுனி வளையத்தையும் கடைசி பிராக்கெட்டுக்கும் கம்பி நுனிக் குமிழுக்கும் நடுவே நிறுத்திவிடுங்கள். திரையை இழுத்து மூடும்போது சுவரோரம் திறந்துகொள்ளாது.

பிராக்கெட் சுவரிலிருந்து கம்பியை மூன்றரை அங்குலமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். வளைய இடைவெளி 6 அங்குலம் என்றால், ஒதுக்கும்போது மடிப்பு பின்னால் 3 அங்குலம் போகும். இரண்டு அங்குல பிராக்கெட்டில் துணி கிரில்லிலும் கைப்பிடியிலும் உரசி, அந்த வரியில் மட்டும் அழுக்கும் நைவும் வரும். ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் ஓடும் இடத்தில் சாதாரண டிரில் வழுக்கும். சுத்தியல் டிரில் உள்ளவரைக் கூப்பிடுங்கள். வெள்ளை இலகு பிளாக் சுவரென்றால் குட்டை பிளக் நாளடைவில் ஆடும், நீள நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள்.

டிராக்குக்கு மாற்றலாமா?

நடு பிராக்கெட் தொல்லையே வேண்டாம் என்றால், கூரையில் அலுமினிய டிராக் பொருத்தி, அதனுள் ஓடும் ரன்னரில் தொங்கவிடலாம். ரெடிமேட் திரையையும் இதற்கு மாற்ற முடியும். முதலில் பீஸ்களை இணையுங்கள். பிறகு வளையம் உள்ள 4 அங்குலத் தலையை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, 1 அங்குலம் மடித்து, 3 அங்குல மடிப்பு டேப்பைத் தையுங்கள். டேப்பின் கயிறுகளை ஒரு முனையில் முடிந்து, மறுமுனையில் இழுத்தால் மடிப்பு விழும். 138 அங்குலத் துணி 78 அங்குலமாகச் சுருங்கும்வரை இழுத்து, 4 அங்குலத்துக்கு ஒரு கொக்கி என்று பாதிக்குச் சுமார் 20 கொக்கி. மிஞ்சும் கயிற்றை வெட்டாமல் சுற்றிக் கட்டுங்கள். துவைக்கும்போது அவிழ்த்தால்தான் துணி தட்டையாக விரியும்.

கணக்கைப் பாருங்கள்: 9 அடி பீஸின் 108 அங்குலத்தில் 5 அங்குலம் தலைக்கும், 5 அங்குலம் அடிக்கும் போனால் மீதி 98 அங்குலம். 9 அடிக்கு மேல் உள்ள கூரையிலிருந்து தரைவரை எட்டாது. கூரையிலிருந்து இறக்க ஆசைப்படுபவர்கள் ரெடிமேடை விட்டுவிட்டு மீட்டர் துணி எடுத்துத் தைப்பதே மேல். தலையை வெட்டி, டேப் தைத்து, கொக்கி வாங்கி, டிராக் போட்டபின் ரெடிமேட் என்பதன் மலிவும் பெரிதாக மிஞ்சாது.

கம்பியோடு நிற்பவர்களுக்கு, 8 முதல் 14 அடிவரை, ஒரே நிற மூன்றடுக்குத் துணி, பிளாஸ்டிக் பூட்டு வளையம், 9 அடி பீஸ்: இந்தச் சேர்க்கைக்கு ஐந்தில் நான்கு தரலாம். உலோக வளையமும் 7 அடி பீஸும் என்றால் மூன்று. பூச்சு பிளாக்அவுட், பெரிய பூ டிசைன் இரண்டுக்கும் இந்த அகலத்தில் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. 14 அடியைத் தாண்டினால் நடு பிராக்கெட் ஒன்று போதாது, அதனால் ஐலெட் வகையே அங்கு பொருந்தாது.

மூன்று பீஸ் இணைத்த பாதி நனைந்தால் கையால் தூக்குவது சிரமம். மிஷினில் போடுவதென்றால் வளையப் பகுதியை ஒன்றாகச் சேர்த்து ஒரு தலையணை உறைக்குள் விட்டு, வாயைக் கட்டிப் போடுங்கள். டிரம்மில் இடித்து வளையம் கழறாது. அடியில் வெட்டிய 13 அங்குலப் பட்டையில் இரண்டை மடித்துத் தைத்தால் திரையை ஒதுக்கிக் கட்டும் பெல்ட் ஆகிவிடும். மீதியைத் தூக்கிப் போடாதீர்கள், ஒட்டுப்போட அதே லாட் துணி பிறகு எந்தக் கடையிலும் கிடைக்காது.